வேகமாக வளரும் டெக் கம்பெனியில் சேரும் முன் போட வேண்டிய கணக்கு

சம்பளத்தைப் பார்ப்பதற்கு முன் கம்பெனியின் கையிருப்பைப் பாருங்கள். கையில் 24 கோடி இருக்கிறது, வரவு போக மாதம் 2 கோடி துண்டு விழுகிறது என்றால் தாக்குப்பிடிக்கும் காலம் 12 மாதம். புதிய முதலீட்டைப் பேசி முடிக்கவே பல மாதம் பிடிக்கும் என்பதால் இது தோன்றுவதைவிடக் குறைவு. 18 மாதத்துக்குக் கீழே இருந்தால், அடுத்த முதலீடு எப்போது என்று கடைசிச் சுற்று இன்டர்வியூவில் நேரடியாகவே கேளுங்கள். மழுப்பினால் அதுவும் ஒரு பதில்தான்.

அடுத்து ஸ்டாக் ஆப்ஷன், அதாவது கம்பெனிப் பங்கை முன்பே குறித்த விலைக்குப் பிறகு வாங்கிக்கொள்ளும் உரிமை. ஏமாற்றம் அதிகம் இங்கேதான். '10,000 ஆப்ஷன்' என்பதை மட்டும் வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. ஊழியர்களுக்கு ஒதுக்கியதையும் சேர்த்து மொத்தம் 2 கோடிப் பங்கு என்றால் உங்களுடையது 0.05 சதவீதம். புதுப் பங்குகள் வெளியிட்டு அடுத்த முதலீட்டாளருக்கு 20 சதவீதம் கொடுத்தால் அது 0.04 ஆகச் சுருங்கும். பரவலான ஏற்பாடு 4 வருட வெஸ்டிங் (ஆப்ஷன் படிப்படியாக உங்களுக்குச் சொந்தமாகும் காலம்), 1 வருட கிளிஃப் (எதுவும் சொந்தமாகாத தொடக்கக் காலம்). அதாவது 11வது மாதம் விலகினால் ஒன்றுமில்லை. ஒரு வருடம் முடிந்ததும் கால்பங்கு, மீதி மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாக. விலகிய பிறகு ஆப்ஷனைக் காசு கொடுத்துப் பங்காக மாற்றப் பல கம்பெனிகள் தரும் அவகாசம் 90 நாள்தான். சில நாடுகளில் அப்போதே வரியும் கட்ட வேண்டியிருக்கும், பங்கை விற்க ஆள் இல்லாவிட்டாலும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. கம்பெனியை விற்றால் வரும் பணத்தில் முதலீட்டாளர்கள் தாங்கள் போட்டதை முதலில் எடுத்துக்கொள்ளும் உரிமை பெரும்பாலும் ஒப்பந்தத்தில் இருக்கும். 80 கோடி முதலீடு வாங்கிய கம்பெனி 70 கோடிக்குப் போனால் ஊழியர் பங்குக்கு மிஞ்சுவது பூஜ்யம். ஆகவே ஆப்ஷனைக் கணக்கிலேயே சேர்க்காமல், சம்பளம் மட்டும் கட்டுப்படியாகுமா என்று பாருங்கள்.

வேலையைப் பொறுத்தவரை லாபம் நிஜமானது. ஆயிரம் பேருக்கு ஓடிய டேட்டாபேஸ் பத்து லட்சம் பேர் வந்ததும் திணறும். அதைப் பிரித்து அமைக்கும் பொறுப்பு இரண்டு வருட அனுபவக்காரரிடமே வந்து சேரும். நிதானமாக நடக்கும் பெரிய நிறுவனத்தில் இதற்குப் பல வருடம் காத்திருக்க வேண்டும்.

ஆனால் ஒரே வருடத்தில் ஆள்பலம் இரட்டிப்பானால், உடன் வேலை செய்பவர்களில் பாதிப்பேராவது ஒரு வருடம்கூட ஆகாதவர்கள். இருவர் இருவராக எண்ணினால் 10 பேருக்குள் பேச்சுத் தொடர்புகள் 45; 50 பேருக்குள் 1,225. மீட்டிங் பெருகுவதற்கும், யார் எதை முடிவு செய்கிறார்கள் என்றே தெரியாமல் போவதற்கும் இதுதான் காரணம். ஆன்-கால் முறையையும் (சிஸ்டம் எந்த நேரம் பழுதானாலும் சரிசெய்யத் தயாராக இருக்கும் முறைப்பணி) விசாரியுங்கள். 3 பேர் மட்டும் மாறி மாறிப் பார்த்தால், மூன்று வாரத்துக்கு ஒரு வாரம் இரவுத் தூக்கம் போகும்.

டீமில் இருக்கும் ஒருவரிடம் தனியாக இரண்டு கேள்வி கேளுங்கள்: கடந்த ஒரு வருடத்தில் எத்தனை மேனேஜர் மாறினார்கள்? இப்போதைய மேனேஜர்களில் உள்ளிருந்தே உயர்ந்தவர்கள் எத்தனை பேர்? எல்லாரும் வெளியிலிருந்து வந்தவர்கள் என்றால், பதவி உயர்வுப் பேச்சை நம்பிச் சேர வேண்டாம்.

சேர்ந்த பிறகு, முடித்த வேலையை மாதம் ஒருமுறை எண்களோடு அரைப்பக்கம் எழுதி வையுங்கள். மேனேஜர் மாறினால் புதியவருக்கு முதல் வாரமே அதை அனுப்புங்கள். முன்னவர் வாய்மொழியாகச் சொல்லிவிட்டுப் போன எதுவும் அவருக்குத் தெரிந்திருக்காது.