பிட்ட எலும்புப் புண்ணுக்கு ஃபிளாப் ஆபரேஷன்: முன்னும் பின்னும் கவனிக்க வேண்டியவை

தண்டுவடம் அடிபட்டு வீல்சேரில் இருப்பவருக்கு, பிட்ட எலும்பின் மேல் வரும் படுக்கைப்புண் எலும்பு வரை இறங்கிவிட்டால், கட்டு மாற்றி மட்டும் ஆறுவது அரிது. தோலை மட்டும் எடுத்து ஒட்டினாலும் உட்காரத் தொடங்கியதும் பிய்ந்துவிடும். பக்கத்துச் சதையை அதன் ரத்தக்குழாய் அறாமல் நகர்த்தி மூடுவதுதான் ஃபிளாப்.

அவசரப்பட்டால் தையல் பிரியும். முதலில் ரத்தசோகை, சர்க்கரை, சிறுநீர்த் தொற்று மூன்றையும் சரிசெய்ய வேண்டும். தினமும் உடல் எடையில் கிலோவுக்கு 1.25 முதல் 1.5 கிராம் புரதம். 60 கிலோ எடைக்கு 75-90 கிராம். இட்லி சாம்பாரில் இது எட்டாது, முட்டை, மீன், பருப்பு, தயிர் கூட்டியாக வேண்டும் (சிறுநீரகக் கோளாறு இருந்தால் டாக்டர் சொல்லும் அளவு). புகையை 4 வாரம் முன்பே நிறுத்தணும். கால் வெட்டியிழுப்பை பேக்லோஃபென் போன்ற மருந்தால் அடக்காமல் ஆபரேஷன் மேசையில் ஏற்றக் கூடாது. ஒரே இழுப்பு தையலைக் கிழித்துவிடும்.

ஆபரேஷனில் புண்ணின் உட்சுவராக இருக்கும் பை முழுசாக வெளியே வரணும். ஒரு துளி நீலச்சாயம் விட்டால் மிச்சம் தெரியும். துருத்தும் எலும்பை மட்டும் செதுக்கி, ஒரு துண்டு பரிசோதனைக்குப் போகும். எலும்பை முழுதாக எடுத்தால் பாரம் மறுபக்கம் விழுந்து அங்கே புண் வரும். பின்தொடைச் சதையை V வடிவில் வெட்டி மேலே ஏற்றி Y-யாகத் தைப்பது வழக்கம். நடக்கக்கூடியவருக்கு அந்தத் தசையைத் தொடாமல் தோலும் அதன் அடிப்படலமும் மட்டும். தையல்கோடு எலும்பின் மேல் விழக்கூடாது. ஃபிளாப்பைப் பெரிதாகவே வரைவது நல்லது, புண் திரும்பினால் அதையே மறுபடி நகர்த்தலாம்.

பிறகு 3 முதல் 6 வாரம் உட்காரக் கூடாது, இடுப்பை மடக்கவும் கூடாது. புரட்டும்போது தூக்குங்கள், இழுக்காதீர்கள். உள்ளே சேரும் நீரை வெளியேற்றும் வடிகுழாயை (drain) 24 மணி நேரத்தில் 30 மில்லிக்குக் கீழே வடியும் வரை எடுப்பதில்லை. ஃபிளாப் வெளிறினால் ரத்தம் வரவில்லை. நீலம் பாரித்து வீங்கினால் ரத்தம் திரும்பவில்லை. உணர்ச்சி இல்லாத இடம், வலி எச்சரிக்காது. நிறம் மாறிய உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள்.

முதல் உட்காரல் 15 நிமிடம்தான். படுக்க வைத்துப் பாருங்கள்: சிவப்பு 30 நிமிடத்தில் மறைந்தால் மறுநாள் 15 நிமிடம் கூட்டலாம், மறையாவிட்டால் அது தெளியும் வரை உட்காரல் இல்லை. உட்கார்ந்திருக்கையில் 15-30 நிமிடத்துக்கு ஒருமுறை முன்னோக்கிச் சாய்ந்து 2 நிமிடம் பாரம் இறக்கணும். உட்காருவதற்கு நடுவில் ஓட்டையுள்ள டியூப் மெத்தை மட்டும் வாங்காதீர்கள். அதன் விளிம்பு சுற்றிலும் அழுத்தி, ஃபிளாப்புக்கு வரும் ரத்தத்தையே தடுக்கும்.