பழைய டிரெஸ்ஸிங் டேபிளுக்கு பெயிண்ட் அடிக்கும் முன்

அம்மாவுக்குக் கல்யாணச் சீராக வந்த டிரெஸ்ஸிங் டேபிள் எங்கள் மந்தைவெளி வீட்டில் இன்னும் இருக்கிறது. மாமரம்தான், ஆனால் நல்ல கனம். பழைய சாமான் கடையில் போடலாம் என்று பேச்சு வந்தபோது நான் விடவில்லை. போன வருடம் நானே பெயிண்ட் அடித்தேன், இப்போது பார்க்கவே ஆசையாக இருக்கிறது.

முதலில் என்ன மரம் என்று பாருங்கள். டிராயரின் அடிப்பக்கத்தை லேசாகச் சுரண்டினால் தெரிந்துவிடும். தேக்கோ ஈட்டியோ என்றால் தயவுசெய்து பெயிண்ட் வேண்டாம், பாலிஷ் போடுங்கள், அந்த ரேகையை மூடுவது பாவம். மாமரம், வேம்பு, பிளைவுட் என்றால் தாராளமாக அடிக்கலாம். குண்டூசி அளவு ஓட்டைகளும் கீழே மாவு கொட்டிய மாதிரி தூளும் தெரிந்தால் உளுத்திருக்கிறது என்று அர்த்தம். ஹார்ட்வேர் கடையில் கிடைக்கும் மர மருந்தை ஊசியால் ஒவ்வொரு ஓட்டையிலும் ஏற்றி, சில நாள் காயவிட்ட பிறகுதான் மற்ற வேலை.

சென்னையில் எப்போது அடிக்கிறோம் என்பது ரொம்ப முக்கியம். நம்மில் பலர் பொங்கலுக்கு முன் அடித்துவிட வேண்டும் என்று மார்கழியில் அவசரப்படுவோம், ஆனால் மழைக்காலத்தில் குடித்த ஈரம் அப்போதும் மரத்துக்குள் இருக்கும். நான் முதன்முதலில் ஒரு ஸ்டூலுக்கு நவம்பரில் அடித்தேன், ஒரு வாரம் ஆகியும் விரல் ஒட்டியது, பிறகு தோல் மாதிரி உரிந்து வந்தது. பிப்ரவரி, மார்ச்தான் சரியான நேரம். அதிலும் காலை ஒன்பது மணிக்கு ஆரம்பித்து, கடல்காற்று மணலையும் ஈரத்தையும் கொண்டுவருவதற்குள் முடித்துவிடுங்கள். மொட்டை மாடி வெயிலில் வைத்து அடித்தால் பிரஷ் ஓடுவதற்குள் காய்ந்து கோடு கோடாக நிற்கும், நிழல்தான் நல்லது.

அடுத்தது சுத்தம் செய்வது, பாதி வேலை இதில்தான் இருக்கிறது. எங்கள் டேபிளின் கண்ணாடிச் சட்டம் முழுக்க ஸ்டிக்கர் பொட்டு, பசை கறுத்துப்போய் கல்லாகி இருந்தது. தேங்காய் எண்ணெய் தடவி அரை மணி நேரம் ஊறவிட்டால் நகத்தாலேயே வந்துவிடும். ஒரே ஒரு பொட்டை மட்டும் அம்மா எடுக்கவிடவில்லை, பாட்டி வைத்ததாம். அதன்மேல் டேப் ஒட்டிக்கொண்டேன். அப்புறம் அந்த எண்ணெய், ஆயுத பூஜைச் சந்தனம், குங்குமம் எல்லாம் போக சோப்புத் தண்ணீரால் துடைத்து ஒரு நாள் முழுக்கக் காயவிடுங்கள், எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் பெயிண்ட் பிடிக்கவே பிடிக்காது.

உப்புத்தாளில் சொரசொரப்பான 120 நம்பரில் ஆரம்பித்து நைசான 220-ல் முடியுங்கள், மர ரேகை ஓடும் திசையிலேயே தேயுங்கள். பளபளப்பு போனால் போதும், மரம் தெரியும்வரை தேய்க்க வேண்டியதில்லை. ஏற்கெனவே பெயிண்ட் அடித்த சாமான் என்றால் தண்ணீர் தொட்டுத் தேய்ப்பதுதான் பாதுகாப்பு. வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்-க்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் இருக்கக்கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது, அதற்கு முந்தைய பெயிண்டின் தூளைக் குழந்தைகள் இருக்கும் வீட்டில் பறக்கவிடாதீர்கள். மாஸ்க்கும் போட்டுக்கொள்ளுங்கள்.

ஓட்டை, வெடிப்புகளுக்கு மரத்துக்கான பட்டிதான் வைக்க வேண்டும், சுவருக்கான சிமென்ட் பட்டி உதிர்ந்துவிடும். பழைய பாலிஷ் உள்ள மரத்தில் வெள்ளை, கிரீம் மாதிரி வெளிர் நிறம் அடித்தால் சில வாரத்தில் உள்ளிருந்து பழுப்புக் கறை மேலே வரலாம். அவலரக்கை (அவல் மாதிரி தகடாக இருக்கும் அரக்கு, ஷெல்லாக்) பாலிஷ் ஸ்பிரிட்டில் இரவு முழுக்க ஊறவைத்துக் கரைத்து ஒரு கை பூசிவிட்டால் கறை உள்ளேயே நின்றுவிடும். அதற்கு மேல் வுட் பிரைமர் ஒரு கோட்டு.

எனாமலை மெல்லியதாக இரண்டு கோட்டு அடியுங்கள், கெட்டியாக ஒரே கோட்டு அடித்தால் ஓரங்களில் வடியும். கலக்க டர்பன்டைன்தான், லாக்கர் கலக்கும் என்.சி. தின்னர் ஊற்றாதீர்கள். முதல் கோட்டு ஒரு ராத்திரி காய்ந்ததும் 320 தாளால் லேசாகத் தடவி, தூசி துடைத்து, அடுத்த கோட்டு. வெள்ளைதான் வேண்டும் என்றால் தண்ணீரில் கலக்கும் எனாமலை வாங்குங்கள். எண்ணெய் எனாமல் வெள்ளை, வெளிச்சம் படாத இடத்தில் மஞ்சளாகிவிடும். எங்கள் டேபிளுக்கு அரை லிட்டர் பிரைமர், ஒரு லிட்டர் எனாமல் போதுமானதாக இருந்தது.

தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், ஆனால் உள்ளே இறுக ஒரு வாரமாவது ஆகும். அதற்குள் டிராயரை மூடினால் அப்படியே ஒட்டிக்கொள்ளும். டிராயர் ஓடும் கட்டையில் பெயிண்ட் அடிக்காமல் மெழுகுவர்த்தியைத் தேய்த்துவிடுங்கள், வழுக்கிக்கொண்டு போகும். அந்த ஒரு வாரத்தில் பழைய பித்தளைக் கைப்பிடிகளைப் புளி போட்டுத் தேய்த்து வையுங்கள், புதுசு வாங்க வேண்டியிருக்காது.