"நீங்க போங்க, நான் மெதுவா வர்றேன்": செஞ்சி மலை ஏறுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன ஞாயிற்றுக்கிழமை செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலையில் பாதிப் படிகள் ஏறியிருப்பேன். ஒரு வாசலின் நிழலில் கல்லூரி வயதுப் பெண் ஒருத்தி தனியாக உட்கார்ந்திருந்தாள். முகமெல்லாம் சிவந்திருந்தது. கையில் போனைத் தவிர வேறெதுவும் இல்லை. "கூட வந்தவங்க எங்கம்மா?" என்று கேட்டேன். "மேல போயிட்டாங்கண்ணா. நான்தான் போகச் சொன்னேன். மெதுவா போய்க்கிறேன்" என்றாள். தண்ணீர் முன்னால் போன பையனின் பையில் இருந்தது.

பாண்டியிலிருந்து நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு செஞ்சிக்குப் பல வருடங்களாகப் போய் வருகிறேன். ஆரம்பத்தில் நாங்கள் செய்த அதே தவறு, அதே மலையில், அதே வார்த்தைகளோடு மறுபடியும் என் முன்னால் உட்கார்ந்திருந்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன். தொப்பி போடுங்கள், நல்ல ஷூ போடுங்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான், அவற்றை விட்டுவிடுகிறேன்.

எழுபது கிலோமீட்டர்தானே என்ற நினைப்பு

திண்டிவனம் வழியாகப் போனால் செஞ்சி சுமார் 70 கிலோமீட்டர். பக்கத்தில்தானே என்று எட்டு மணிக்குக் கிளம்பி, வழியில் டிபன் சாப்பிட்டு, டீ குடித்து, அடிவாரத்தில் நிற்கும்போது மணி பதினொன்று ஆகிவிடும். ராஜகிரி ஏறக்குறைய 800 அடிதான். ஆனால் மொட்டைக் கருங்கல் மலை. வெயில் ஏறிவிட்டால் சூடு தலைக்கு மேலிருந்து மட்டும் வராது, காலுக்குக் கீழே கல்லிலிருந்தும் வரும்.

கடலோர ஊர்க்காரர்களான நமக்கு இதில் இன்னொரு சிக்கல். வெயில் நமக்குப் பழக்கம்தான் என்று நினைத்துக்கொள்கிறோம். நம் ஊரில் மதியத்துக்கு மேல் கடற்காற்று வந்து காப்பாற்றிவிடும். செஞ்சியில் அந்தக் காற்றை நம்பி ஏற முடியாது. இங்கே வியர்வை சட்டையோடு பிசுபிசுவென்று ஒட்டும். அங்கே உள்நாட்டுக் காற்றில் உடனுக்குடன் காய்ந்துவிடுவதால், எவ்வளவு வியர்த்தது என்றே தெரியாது. போதாததற்கு, பிற்பகலில் ஒரு நேரத்துக்கு மேல் ராஜகிரி ஏற விடுவதில்லை. தாமதமாக வருபவர்கள் அந்த அவசரத்தில் விறுவிறுவென்று ஏறுவார்கள். அடுத்து நான் சொல்லப்போகும் தவறு பெரும்பாலும் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

மெதுவாக வருபவரை விட்டுவிட்டுப் போவது

பல வருடங்களுக்கு முன் ஒரு ஏப்ரல் மாதம். ஒன்பது பேர் போனோம். லாஸ்பேட்டை நண்பர் ஒருவருக்கு அதுதான் முதல் மலை. கொஞ்சம் கனமான உடம்பு, ஆனால் எங்கள் எல்லோரையும்விட ஆர்வம். இருநூறு படிகளுக்குள் அவருக்கு மூச்சு வாங்கியது. "நீங்க போங்கப்பா, நான் மெதுவா வர்றேன்" என்றார். சரி என்று போய்விட்டோம்.

இந்த ஒரு வாக்கியத்தின் மேல் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் இருக்கிறது. சொல்பவர் மேல் இல்லை, அதை அனுமதியாக எடுத்துக்கொண்டு கிளம்புகிறவர்கள் மேல். அது கூச்சத்தில் வரும் பேச்சு. தன்னால் மற்றவர்களுக்குத் தொந்தரவு வேண்டாமே என்று சொல்வது. வீட்டுக்கு வந்த விருந்தாளி "எனக்குப் பசியில்லை" என்றால் நாம் இலையை எடுத்துவிடுகிறோமா?

அதற்கப்புறம் நடந்ததைக் கவனித்துப் பாருங்கள். நாங்கள் வேகமாக ஏறி, ஒரு நிழலில் பத்து நிமிடம் உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, அரட்டை அடித்தோம். அவர் தள்ளாடி வந்து சேர்ந்ததும், "வந்துட்டாரு, கிளம்பலாம்" என்று எழுந்தோம். ஓய்வு எங்களுக்குக் கிடைத்தது. அவருக்கு அந்த இடத்தில் ஒரு நிமிடம்கூட இல்லை. இப்படி மூன்று முறை. யாருக்கு ஓய்வு அதிகம் தேவையோ அவர் ஓய்வே இல்லாமல் ஏறினார். மூன்றாவது முறைக்குப் பிறகு அவர் வந்து சேரும்வரை நாங்கள் காத்திருக்கவும் இல்லை. தண்ணீர்ப் பையும் எங்களோடு மேலே போய்விட்டது.

உச்சியில் முக்கால் மணி நேரம் போட்டோ எடுத்துவிட்டு இறங்கும்போது, ஒரு திருப்பத்தில் பாறையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். சட்டை முதுகில் உப்பு வெள்ளைக் கோடுகளாகப் பூத்திருந்தது. கைக்குட்டையை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தார். கூப்பிட்டதற்கு, "பஸ் வந்துடுச்சா?" என்று கேட்டார். நாங்கள் வந்தது வேனில். அப்போதுதான் எங்களுக்கு வயிறு கலங்கியது. நிழலுக்கு மாற்றி, துண்டை நனைத்துக் கழுத்திலும் அக்குளிலும் வைத்து விசிறினோம். நான்கு பேர் மாற்றி மாற்றித் தாங்கி இறக்கினோம். மருத்துவமனையில் பாட்டில் பாட்டிலாகச் சலைன் ஏற்றினார்கள். மாலைக்குள் தெளிந்துவிட்டார். ஆனால் அதற்குப் பிறகு எங்களோடு எந்த மலைக்கும் அவர் வந்ததில்லை. கூப்பிட்டால், "உங்களுக்கு எதுக்குப்பா சிரமம்" என்பார்.

ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். வெயிலில் ஒருவர் சம்பந்தமில்லாமல் பேசினால் அது களைப்பு இல்லை, ஆபத்து. அந்த நிலையில் வாயில் தண்ணீரை ஊற்றாதீர்கள், புரையேறிவிடும். உடம்பைக் குளிரவைத்துக்கொண்டே 108-ஐக் கூப்பிடுங்கள். தெளிவாகப் பேசுகிறவர் என்றால், ஒரு லிட்டர் தண்ணீரில் கலக்கும் ஓ.ஆர்.எஸ். பொடியைக் கலந்து மடக்கு மடக்காகக் கொடுக்கலாம்.

இப்போது நாங்கள் காலை ஐந்தரைக்கு பாண்டிக் கடற்கரையில் காந்தி சிலை அருகே கூடுகிறோம். சிலையைச் சுற்றி நிற்கும் கல்தூண்கள் செஞ்சியிலிருந்து வந்தவைதான். 1750-இல் பிரெஞ்சுப் படை ஒரே இரவில் பிடித்து, 1761-இல் ஆங்கிலேயரிடம் இழந்த கோட்டை அது. புதிதாக வருபவர்களுக்கு அந்தத் தூணைத் தொட்டுக் காட்டிவிட்டு, யார் முன்னால், யார் கடைசி என்பதை அங்கேயே முடிவு செய்துவிடுவோம். இருப்பதிலேயே மெதுவாக நடப்பவர்தான் முன்னால். அவர் வேகம்தான் எல்லோருடைய வேகமும். அனுபவமுள்ள ஒருவர் கடைசி. மருந்தும் கூடுதல் தண்ணீரும் அவரிடம். இது போக ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் அவரவர் முதுகில்.

உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் மலை பிளந்த மாதிரி ஒரு இடைவெளி வரும். சுமார் 24 அடி அகலம், 60 அடி ஆழம். அதன்மேல் ஒரு பாலம். பாலத்தை எடுத்துவிட்டால் எதிரி உச்சிக்கு வர முடியாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு. அங்கே நின்று தலையை எண்ணுவோம். ஒரு தலை குறைந்தாலும் யாரும் தாண்டுவதில்லை. நடுவழியில் ஒருவர் முடியவில்லை என்றால் அவரோடு இன்னொருவர் தங்குவார். அது யார் என்பதும் காலையிலேயே முடிவாகியிருக்கும்.

அந்தப் பெண்ணுக்குத் தண்ணீர் கொடுத்து, நண்பர்களுக்குப் போன் போடச் சொன்னேன். ஆறு பேரும் இறங்கி வந்தார்கள். பை வைத்திருந்த பையன், "சாரிடி, நீ சொன்னதால போயிட்டோம்" என்றான். அவளை முன்னால் விட்டு ஏறச் சொன்னேன். பாலத்தருகே மறுபடி பார்த்தேன். அவள்தான் முதலில் கால் வைத்தாள்.

குரங்குகள்

கையில் பிளாஸ்டிக் கவர் வேண்டாம். சாப்பாடு பைக்குள், ஜிப் மூடியே இருக்கட்டும்.

இறக்கத்தில் அலட்சியம்

ஏறியாகிவிட்டது, வேலை முடிந்தது என்ற நினைப்பில்தான் வழுக்குகிறது. நான் பார்த்த சறுக்கல்களில் முக்கால்வாசி இறங்கும்போது நடந்தவை. படிகள் ஒரே உயரத்தில் இல்லை. சில முழங்கால் உயரம்கூட வரும், சில தேய்ந்து கண்ணாடியாக இருக்கும். தொடை நடுங்க ஆரம்பித்தால் உட்கார்ந்துவிடுங்கள். காலைப் பக்கவாட்டில் வைத்து, குறுக்கும் நெடுக்குமாக இறங்குங்கள். முந்தின நாளே கால் நகத்தை வெட்டிவிடுங்கள். ஒவ்வொரு படிக்கும் பெருவிரல் நகம் ஷூவின் முனையில் போய் இடிக்கும். மறுநாள் அது கறுத்துப்போவதைப் பார்த்தவர்களுக்கு வலி தெரியும்.

மதில் ஓரத்தில் போட்டோ

வேண்டாம். உச்சியில் உள்ளே நின்றாலே கோட்டையின் இன்னொரு மலையான கிருஷ்ணகிரியும், கல்யாண மகாலின் கூம்புக் கூரையும், வயல்களும் நன்றாகத் தெரியும்.

ஒரே நாளில் இரண்டு மலை

யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் 2025-இல் செஞ்சி சேர்ந்த பிறகு, "ராஜகிரி, கிருஷ்ணகிரி ரெண்டையும் ஒரே நாள்ல முடிச்சிடலாமாண்ணா?" என்று கேட்பவர்கள் அதிகமாகிவிட்டார்கள். முதல் தடவை வருகிறவர்கள் கிருஷ்ணகிரி மட்டும் ஏறுங்கள். அது சிறியது, ராஜகிரி அளவுக்குச் சோதிக்காது. இறங்கியதும் வேங்கடரமணர் கோயில் மண்டபத்தில் ஒரு மணி நேரம் காலை நீட்டி உட்காருங்கள். உங்களில் யாருக்கு முட்டி வலிக்கிறது, யாருக்கு மூச்சு வாங்குகிறது என்று அங்கேயே கேட்டு வைத்துக்கொண்டால், ராஜகிரிக்கு வரும் நாளில் யாரை முன்னால் நடக்கவிடுவது என்று தெரிந்திருக்கும்.