காந்தத்தைக் கையில் கொடுக்கும் முன்: அறிவியல் வகுப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒவ்வோர் ஆண்டும் எங்கள் நடுநிலைப் பள்ளிக்கு பி.எட். பயிற்சி ஆசிரியர்கள் வருகிறார்கள். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து அவர்கள் வகுப்பைப் பார்ப்பது என் வேலைகளில் ஒன்று. பாடம் அவர்களுக்கு நன்றாகத் தெரியும். பாடக்குறிப்பு ஒழுங்காக இருக்கும். சார்ட், மாடல் எல்லாம் இரவு கண்விழித்துச் செய்து எடுத்து வருவார்கள். ஆனால் சோதனைப் பொருள்களோடு ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் முன்னால் போய் நின்றதும், நாங்கள் எல்லோரும் அந்த வயதில் செய்த அதே தவறுகளை வரிசை மாறாமல் செய்கிறார்கள்.

குரல் பின்பெஞ்சு வரை கேட்க வேண்டும், கரும்பலகை எழுத்து தெளிவாக இருக்க வேண்டும், மணி அடித்ததும் வகுப்பில் இருக்க வேண்டும் என்பதெல்லாம் கல்லூரியிலேயே சொல்லித் தந்துவிடுவார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன். வகுப்பின் பழக்கங்கள் சரியாக அமையாததால் அறிவியல் பாடமே முடங்கிப்போகும் இடங்களை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

## விதிகளை எழுதி ஒட்டியதும் வேலை முடிந்தது என்று நினைப்பது

ஜூன் மாதம் சுவரில் வண்ண சார்ட் ஏறிவிடும். ‘அமைதி காப்போம்’, ‘வரிசையாகச் செல்வோம்’, ‘பொருள்களைப் பத்திரமாகக் கையாள்வோம்’ என்று பத்துப் பன்னிரண்டு வரிகள். ஜூலையில் அதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ‘பத்திரமாகக் கையாள்வோம்’ என்று படித்த பதினோரு வயதுப் பிள்ளைக்கு, சோதனைக்குழாயை எந்த இடத்தில் பிடிக்க வேண்டும் என்று எப்படித் தெரியும்?

நான்கு விதி போதும். ஆனால் அந்த நான்கையும் பாடம் நடத்துவது போலவே நடத்த வேண்டும். குழுவாகப் பிரிந்து உட்காருவதை மட்டும், கையில் எந்தப் பொருளும் இல்லாமல், ஒரு பீரியடு பழக்குங்கள். எந்த பெஞ்சைத் திருப்புவது, யார் எங்கே உட்காருவது, பையை எங்கே வைப்பது. பை நடைபாதையில் கிடந்தால் பீக்கரோடு வரும் பிள்ளை தடுக்கித்தான் விழும். முதல் தடவை ஒரே கூச்சலாக இருக்கும். திட்ட வேண்டாம், பழைய இடத்துக்குப் போகச் சொல்லி மறுபடி செய்ய வையுங்கள். மூன்றாம் தடவை அவர்களே நேரம் பார்க்கத் தொடங்குவார்கள். பாடம் போகிறதே என்று பதறத் தேவையில்லை. ஜூனில் செலவான அந்த ஒரு பீரியடு, மார்ச் வரைக்கும் ஒவ்வொரு சோதனையிலும் ஐந்து ஐந்து நிமிடமாகத் திரும்பி வரும்.

## பொருளைக் கொடுத்துவிட்டுப் பேசத் தொடங்குவது

இந்த ஒன்றைப் பார்க்கும்போது மட்டும் எனக்கு இன்றும் கோபம் வருகிறது. ஆசிரியர் மீது அல்ல. இப்படி நடக்கும் என்று அவர்களிடம் முன்கூட்டியே யாரும் சொல்லாமல் விட்டதன் மீது.

ஆறாம் வகுப்பு, காந்தவியல் பாடம். நல்ல உழைப்பாளியான ஒரு பயிற்சி ஆசிரியை. குழுவுக்கு இரண்டு சட்டக்காந்தம், ஒரு காகிதத்தில் மடித்த இரும்புத்தூள், குண்டூசி, அழிப்பான், ஒரு ரூபாய் நாணயம் என்று எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்துச் சேர்த்திருந்தார். ஒவ்வொரு பெஞ்சிலும் கொண்டுபோய் வைத்தார். வைத்துவிட்டுத் திரும்பி, கரும்பலகையில் ‘நோக்கம்’ என்று எழுதினார்.

அந்த ஒரு சொல்லை எழுதி முடிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. இரும்புத்தூளுக்குள் காந்தத்தை அப்படியே முக்கி எடுத்தார்கள். தூள் தாடி மாதிரி முளைத்ததைப் பார்த்து ஒரு குழு கத்த, மற்ற குழுக்களும் அதையே செய்தன. ஒருவன் ஊதினான். பக்கத்தில் இருந்த பெண்ணின் கண்ணில் தூள் பட்டது. காந்தத்துக்கு இரண்டு பேர் அடித்துக்கொண்டார்கள். “கவனிங்க, கவனிங்க” என்று ஆசிரியை கத்திய குரல் யார் காதிலும் ஏறவில்லை. அந்தப் பெண்ணைக் குழாயடிக்குக் கூட்டிப்போய்க் கண்ணைக் கழுவிவிட்டு நான் திரும்பி வந்தபோது, தலைமை ஆசிரியர் வாசலில் நின்றிருந்தார். பொருள்கள் எல்லாம் பெட்டிக்குள் போயிருந்தன. ஆசிரியை கேள்வி பதில் சொல்லச் சொல்லப் பிள்ளைகள் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

அந்த நாளோடு போயிருந்தால் பரவாயில்லை. பயிற்சிக் காலம் முடியும் வரை அந்த ஆசிரியை வேறு எந்தப் பொருளையும் வகுப்புக்கு எடுத்து வரவில்லை. கேட்டபோது, “இந்தப் பசங்களுக்குச் சோதனை சரிப்படாது டீச்சர்” என்றார். இதுதான் பெரிய நட்டம். ஒரு பீரியடு போனதில் எனக்கு வருத்தமில்லை. பொருளைக் கொடுத்த வரிசை தப்பியதற்கு, பிள்ளைகளின் குணத்தைக் காரணமாக எடுத்துக்கொண்டு, ஓர் ஆசிரியர் அறிவியலை வாய்ப்பாடமாக மாற்றிவிடுகிறார். அதன்பின் பல ஆண்டுகள் அப்படியே நடத்துகிறவர்களும் உண்டு.

பிள்ளைகள் செய்ததில் தவறு எதுவும் இல்லை. கையில் காந்தம் இருக்கும்போது கரும்பலகையைப் பார்க்கிற பிள்ளையை நான் கண்டதில்லை, காணவும் விரும்பவில்லை. அந்த ஆர்வத்துக்காகத்தான் காந்தத்தை வாங்கி வைத்திருக்கிறோம். கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 8 வரையான வகுப்புகளில் 35 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் என்று சொல்கிறது. 35 பேர் என்றால் ஐந்து பேர் கொண்ட ஏழு குழு. பொருள் கைக்குப் போன பிறகு ஏழு இடத்துக்கும் ஓடி ஓடி விளக்க யாராலும் முடியாது. சொல்ல வேண்டிய எல்லாவற்றையும் பொருள் நம் மேசையில் இருக்கும்போதே சொல்லிவிட வேண்டும்.

சொன்னால் மட்டும் போதாது, திருப்பிக் கேட்க வேண்டும். “புரிஞ்சுதா?” என்று கேட்டால் “புரிஞ்சுது டீச்சர்” என்று கோரஸாக வரும். அதில் ஒன்றும் தெரியாது. மூன்று கேள்வி கேளுங்கள்: முதலில் எதைச் செய்யப் போகிறாய்? எப்போது நிறுத்துவாய்? கொட்டினாலோ உடைந்தாலோ என்ன செய்வாய்? வழக்கமாகக் கை தூக்குகிறவர்களை விட்டுவிட்டு, ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருப்பவரைக் கேளுங்கள். மூன்றுக்கும் பதில் வந்த பிறகு, குழுவுக்கு ஒருவர் மட்டும் மேசைக்கு வந்து தட்டை எடுத்துப் போகட்டும்.

இன்னொரு வழியும் உண்டு, எனக்கு மிகவும் பிடித்தது. எது இல்லாமல் சோதனை நடக்காதோ அதைக் கடைசியில் கொடுப்பது. மின்சுற்றுப் பாடமா? வயர், டார்ச் பல்பு, சாவி (ஸ்விட்ச்) எல்லாவற்றையும் முதலில் கொடுங்கள். இணைக்கட்டும், பிரிக்கட்டும். 1.5 வோல்ட் பேட்டரி மட்டும் உங்கள் கையில். சுற்றை வரைந்து காட்டிய குழுவுக்குத்தான் பேட்டரி. ஸ்பிரிட் விளக்கா? தீப்பெட்டி உங்களிடமே இருக்கட்டும். காந்தம் என்றால் இரும்புத்தூளைத் தனியாகத் தரவே கூடாது. ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் உறையில் போட்டு நன்றாக ஒட்டிக் கொடுங்கள். உறைக்கு அடியில் காந்தத்தை வைத்தாலே தூள் வரிசை கட்டி நிற்கும். கண்ணிலும் படாது, காந்தத்தில் ஒட்டிய தூளைச் சுரண்டி எடுக்கும் வேலையும் மிச்சம்.

அப்புறம், விளையாட நேரம் கொடுங்கள். “இரண்டு நிமிஷம் உங்க இஷ்டம், என்ன வேணா பண்ணிப் பாருங்க” என்று நீங்களே சொன்னால், அந்த ஆசை தீர்ந்த பிறகு சோதனைக்கு வருவார்கள். கொடுக்காவிட்டாலும் அந்த இரண்டு நிமிடத்தை எடுத்துக்கொள்ளத்தான் போகிறார்கள், உங்களுக்குத் தெரியாமல்.

40 நிமிட பீரியடை நான் ஏறக்குறைய இப்படிப் பிரிப்பேன்: சொல்லவும் திருப்பிக் கேட்கவும் 7, பொருள் எடுக்க 3, செய்ய 15, திருப்பி வைக்க 5, பார்த்ததைப் பற்றிப் பேசவும் எழுதவும் மீதி 10. புது ஆசிரியர்களின் பாடக்குறிப்பில் திருப்பி வைக்கும் அந்த 5 நிமிடம் பெரும்பாலும் இருக்காது. மணி அடிக்கும், அடுத்த ஆசிரியர் வாசலில் நிற்பார், காந்தங்கள் பெட்டிக்குள் வீசப்படும். சட்டக்காந்தத்தைக் கீழே போட்டாலும், கண்டபடி ஒன்றோடொன்று குவித்து வைத்தாலும் அதன் வலு குறையும். எதிரெதிர் முனைகள் அருகருகே இருக்கும்படி இரண்டிரண்டாக அடுக்கி, நடுவில் மரத்துண்டும் இரு முனைகளிலும் தேனிரும்புத் துண்டும் வைக்க வேண்டும். இதைப் பிள்ளைகளிடமே விட்டுவிடுங்கள். எடுத்து வைப்பதும் காந்தவியல் பாடம்தான்.

## ‘இனிமே உங்களுக்குச் சோதனையே கிடையாது’

முந்தைய தவறு நடந்த வகுப்பில் இது நிச்சயம் வரும். இரண்டு பேர் செய்த சேட்டைக்கு மீதி முப்பத்து மூன்று பேரின் பாடத்தைப் பறிக்கும் தண்டனை. சோதனை என்பது நல்ல பிள்ளையாக இருந்ததற்குக் கிடைக்கும் மிட்டாய் என்று பிள்ளைகளும் நினைக்கத் தொடங்கிவிடுவார்கள். கணக்கில் சேட்டை செய்தால் ‘இனி கூட்டல் கிடையாது’ என்று யாராவது சொல்கிறோமா?

சேட்டை செய்தவரின் கையிலிருந்து பொருளை மட்டும் வாங்குங்கள். அன்றைக்கு அவர் உற்றுப் பார்த்து எழுதுகிறவராக இருக்கட்டும். நோட்டு வேண்டும், முடிவு வேண்டும், கேட்டால் பதில் சொல்ல வேண்டும். அடுத்த சோதனையில் மறுபடி கையில் பொருள் கிடைக்கும் என்பதை அப்போதே சொல்லிவிடுங்கள்.

## அமைதிக்காகக் கத்துவது

கத்தாதீர்கள். கையை உயர்த்தி, எல்லாக் கையும் உயரும் வரை நில்லுங்கள்.

## பையன்கள் செய்ய, பெண்பிள்ளைகள் எழுத

குழுவாக விட்டுவிட்டு வேடிக்கை பாருங்கள். பல வகுப்புகளில் பேட்டரியும் வயரும் ஒரு பையனின் கையில் இருக்கும். நோட்டும் பேனாவும் ஒரு பெண்ணின் கையில் இருக்கும். ‘அவ கையெழுத்து நல்லா இருக்கும் டீச்சர்’ என்பார்கள். எட்டாம் வகுப்பு முடியும்போது அந்தப் பெண் ஒரு சுற்றைக்கூடத் தன் கையால் இணைத்திருக்க மாட்டாள், பதிவேடு மட்டும் அழகாக இருக்கும்.

இதை அவர்களே சரி செய்துகொள்வார்கள் என்று விடக்கூடாது. செய்பவர், பொருள் எடுப்பவர், எழுதுபவர், நேரம் பார்ப்பவர், சொல்லிக் காட்டுபவர் என ஐந்து வேலை. சுவரில் ஒரு அட்டை. வாரா வாரம் பெயர் ஒரு இடம் நகரும். யாருக்காகவும் மாற்றுவதில்லை. கையெழுத்து மோசமாக இருப்பவரும் எழுதத்தான் வேண்டும். சோதனைக்குழாயைத் தொட பயப்படும் பெண்ணும் தொடத்தான் வேண்டும். அந்தப் பயம் இரண்டாவது முறையில் போய்விடுவதை எத்தனையோ பிள்ளைகளிடம் பார்த்திருக்கிறேன்.

## கேள்வியைக் கேட்டுவிட்டுப் பதிலையும் சொல்லிவிடுவது

அமெரிக்க அறிவியல் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ, வகுப்புகளைப் பதிவு செய்து கேட்டு, ஆசிரியர்கள் கேள்விக்குப் பின் காத்திருக்கும் நேரம் சராசரியாக ஒரு நொடிதான் என்று 1970-களில் காட்டினார். மூன்று நொடி காத்தாலே பதில்கள் நீள்கின்றன, அதுவரை பேசாத பிள்ளைகளும் பேசுகிறார்கள் என்பது அவருடைய முக்கியமான கண்டுபிடிப்பு. மூன்று நொடி, வகுப்பு முன்னால் நிற்கும்போது மிக நீளமாகத் தெரியும். மனதுக்குள் எண்ணுங்கள். கேட்டதும் கத்துபவர்களைப் பாராட்டவும் வேண்டாம், அதட்டவும் வேண்டாம். காத்திருந்து கை தூக்கியவரிடம் பதிலைக் கேளுங்கள். இரண்டே வாரத்தில் வகுப்பு மாறும்.

## ‘ஜாக்கிரதை’ என்ற ஒரே சொல்லில் பாதுகாப்பை முடிப்பது

ஜாக்கிரதை என்றால் பிள்ளை பயப்படும், அவ்வளவுதான். என்ன செய்ய வேண்டும் என்று சொல்லுங்கள். பின்னலையும் ரிப்பனையும் பின்னால் கட்டு. சோதனைக்குழாயில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்றாதே. சூடாக்கும்போது அதன் வாய் யார் முகத்தையும் பார்க்கக் கூடாது, உன் முகத்தையும்தான். ஒரு ஸ்பிரிட் விளக்கைச் சாய்த்து இன்னொன்றைப் பற்றவைக்காதே, ஸ்பிரிட் கொட்டித் தீப்பிடிக்கும். அணைக்க ஊதாதே, மூடியைப் போடு. வெயில் விழும் ஜன்னலோரத்தில் ஸ்பிரிட் சுடர் கண்ணுக்கே சரியாகத் தெரியாது என்பதால் விளக்கை அங்கே வைக்காதே. மணம் பார்க்க மூக்கைக் கொண்டுபோகாதே, கையால் விசிறி இழு. அமிலத்தை நீர்த்துப்போகச் செய்வது ஆசிரியரின் வேலை. அதிலும் தண்ணீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும், அமிலத்தில் தண்ணீரை ஊற்றக் கூடாது.

## முதல் மாதமே அமிலம்

வேண்டாம். மஞ்சள்தூள் தடவிய காகிதமும் சோப்புத் தண்ணீரும் போதும்.

## புத்தகத்தில் உள்ளது வந்தால்தான் சரி என்பது

செம்பருத்திச் சாறு அமிலத்தில் அடர் இளஞ்சிவப்பாகும், காரத்தில் பச்சையாகும். இதை எல்லாப் பிள்ளையும் சோதனைக்கு முன்பே புத்தகத்தில் படித்துவிடும். ஒரு முறை ஒரு குழுவின் குழாயில் பழுப்பு நிறம் வந்திருந்தது, நோட்டில் மட்டும் ‘பச்சை’ என்று இருந்தது. கேட்டால், “புக்ல பச்சைன்னுதான் டீச்சர் இருக்கு” என்றாள் எழுதிய பெண். அந்த வகுப்பின் ஆசிரியர் அதற்கு டிக் போட்டிருந்தார்.

கண்ணால் பார்த்ததைத்தான் எழுத வேண்டும் என்பதை முதல் வாரத்திலேயே விதியாக வையுங்கள், அந்த நான்கு விதிகளில் ஒன்றாக. பழுப்பு வந்தால் பழுப்பு என்று எழுதட்டும். ஏன் வந்தது என்று அடுத்த வரியில் யோசிக்கட்டும்: சாறு பழையதா, குழாய் சரியாகக் கழுவப்படவில்லையா, சாறு அதிகமாகிவிட்டதா. மதிப்பெண்ணையும் அந்த அடுத்த வரிக்குத்தான் போடுங்கள். உங்கள் பேனா எதற்கு டிக் போடுகிறதோ அதையே பிள்ளைகள் எழுதுவார்கள்.

## ஆண்டு பாதி போய்விட்டது, இனி ஒன்றும் செய்ய முடியாது என்று விடுவது

காலாண்டு விடுமுறை, அரையாண்டு விடுமுறை முடிந்து வரும் முதல் நாள் இதற்கு நல்ல நாள். “இன்னிக்கிலேருந்து வேற மாதிரி செய்யப்போறோம்” என்று நேராகச் சொல்லிவிட்டு, குழு பிரிவதிலிருந்து மறுபடி பழக்குங்கள். அதன்பின் வரும் முதல் சோதனையில் கொட்டுவதும் உடைவதும் எரிவதும் எதுவும் இருக்கக் கூடாது. ஆளுக்கொரு வேப்பிலை, குழுவுக்கு ஒரு கைலென்ஸ், நரம்புகளைப் பார்த்து வரைய பத்து நிமிடம். வெயில் ஜன்னல் வழியாக உள்ளே விழுந்தால் முதலில் அதைச் சாத்திவிடுங்கள். லென்ஸ் கிடைத்ததும் காகிதத்தைக் கொளுத்திப் பார்க்க ஒரு பையன் காத்திருப்பான்.

லென்ஸைக் கடைசியில் கொடுங்கள்.