பூச்சிமருந்து குடித்தவரைக் கவனிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் பகுதி மருத்துவமனைகளுக்கு 'மருந்து குடித்துவிட்டார்' என்று தூக்கி வரப்படுகிறவர்களில் பலர், வயலுக்கு அடிக்க வாங்கி வைத்த ஆர்கனோபாஸ்பரஸ் வகைப் பூச்சிமருந்தைக் குடித்தவர்கள். முதல் ஒரு மணி நேரம் அவரைச் சுற்றி எல்லோரும் நிற்கிறோம். அவர் கண் திறந்து பேசிய பிறகுதான் கவனம் தளர்கிறது.

வீட்டில் நேரும் தவறு, உப்புத் தண்ணீரோ சோப்புத் தண்ணீரோ சாணிக் கரைசலோ புகட்டி வாந்தி எடுக்க வைப்பது. நினைவு மங்கியவருக்கு அது நுரையீரலுக்குள் இறங்கிவிடும். எதையும் புகட்டாமல் இடப்பக்கமாகச் சாய்த்துப் படுக்கவைத்து 108-ஐ அழைப்பதும், மருந்துப் பாட்டிலைக் கையோடு கொண்டுவருவதும் போதும்.

வார்டில், நனைந்த உடையைக் கழற்றிக் கட்டிலுக்கு அடியிலேயே போட்டுவைக்கிறார்கள். தோல் வழியாகவும் இம்மருந்து உடலில் ஏறும் என்பதால், உடையைப் பையில் கட்டி அகற்றி, தலைமுடி, நகக்கண், அக்குள் வரை சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். கழுவுகிறவர் கையுறை அணியாமல் தொடக் கூடாது.

இந்த நச்சுக்கு மாற்று மருந்தான அட்ரோபின் கொடுக்கும்போது கண்பாவையை மட்டும் பார்த்து அளவை முடிவு செய்வது பெரிய பிழை. மார்பில் சளிச் சத்தம் அடங்கியிருக்கிறதா, அக்குள் உலர்ந்திருக்கிறதா, நாடித்துடிப்பும் மேல் இரத்த அழுத்தமும் 80-க்கு மேல் இருக்கின்றனவா என்பவற்றைச் சேர்த்தே பார்க்க வேண்டும். காய்ச்சல், பிதற்றல், குடல் ஒலி நின்றுபோதல் ஆகிய மூன்றும் சேர்ந்தால் அட்ரோபின் மிகுந்துவிட்டது என்று பொருள். உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். புரண்டு புரண்டு படுப்பவரின் கையைக் கட்டுவதற்கு முன், அடிவயிற்றைத் தொட்டுப் பாருங்கள். சிறுநீர் அடைத்துக்கொண்டதே பல நேரம் அந்தத் தவிப்புக்குக் காரணமாக இருக்கும்.

நான் மிகவும் அஞ்சுவது 24 முதல் 96 மணி நேரத்துக்குள் வரும் தசைத் தளர்ச்சியை. முந்தைய நாள் நன்றாகப் பேசியவருக்குக் கழுத்துத் தசை முதலில் சோர்ந்து, பின்னர் மூச்சுத் தசையும் ஓய்ந்துவிடுகிறது. ஆக்சிஜன் அளவு குறையும் வரை காத்திருந்தால் காலம் கடந்துவிடும். ஒவ்வொரு ஷிஃப்டிலும், 'தலையணையிலிருந்து தலையைத் தூக்குங்கள் அண்ணே' என்று சொல்லி, தூக்க முடிகிறதா என்று பார்த்துக் குறித்துவையுங்கள். முடியாவிட்டால் அந்த நிமிடமே மருத்துவரை அழைக்க வேண்டும்.

எலியைக் கொல்ல வைக்கும் எலி பேஸ்ட்டைச் சாப்பிட்டவர் முதல் நாள் நலமாகவே தோன்றுவார். அதிலுள்ள மஞ்சள் பாஸ்பரஸ் என்னும் நச்சு கல்லீரலைத் தாக்குவது அதற்குப் பிறகுதான் வெளிப்படும். உறவினர் கேட்கிறார்கள் என்று அவரை அவசரமாக வீட்டுக்கு அனுப்பக் கூடாது.

'ஏன் இப்படிச் செய்தாய்' என்று கட்டிலருகே கடிந்துகொள்வதும் தீங்கே. உயிரை மாய்க்க முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவர் என்றே 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் கருதுகிறது. அவரைத் தனியே விடாமல் பார்த்துக்கொண்டு, மனநல மருத்துவர் கண்ட பிறகே அனுப்ப வேண்டும். வீட்டில் மிச்சமிருக்கும் மருந்தை அப்புறப்படுத்தவும், தேவைப்பட்டால் 104 என்ற அரசு உதவி எண்ணை அழைக்கவும் குடும்பத்தாரிடம் அதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.