கேட் ரூமை அட்டையில் கட்டுவது

எங்கள் தோட்டத்துக்கும் ஊருக்கும் நடுவில் ரயில் பாதை போகிறது. ஊத்துக்குளிப் பக்கம், ஈரோடு–திருப்பூர் லைன். கேட் போட்டிருந்தால் சைக்கிளை நிறுத்திவிட்டு, கேட் கீப்பர் இருக்கும் கேட் ரூம் திண்ணையில் உட்கார்ந்துகொள்வோம். சுண்ணாம்பு அடித்த செங்கல் சுவர், சீமை ஓடு, பக்கத்தில் ஒரு வேம்பு. இப்போது அங்கே அடியில் பாலம் வந்துவிட்டது. ரூமையும் இடித்தாயிற்று. என் மேஜை மேல் போட்டிருக்கும் மாடல் ரயில் பாதையோரம் மட்டும் அது நிற்கிறது, தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிதாக. அதைக் கட்டிய விதத்தைத்தான் சொல்லப்போகிறேன்.

நான் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டருங்க. பேட்டர்ன் அட்டை வெட்டி வெட்டிக் காய்த்த கை. அதனால் பிளாஸ்டிக் ஷீட் பக்கம் போகவே இல்லை.

என் மாடல் ரயில் ஹெச்.ஓ ஸ்கேல். அப்படியென்றால் 1:87, நிஜத்தில் 87-ல் ஒரு பங்கு. அதில் ஒரு அடிக்கு 3.5 மில்லி. இந்த ஒரு கணக்கு தெரிந்தால் போதும். பத்தடிச் சுவர் 35 மில்லி, ஏழடிக் கதவு 24.5 மில்லி. இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் பிராட்கேஜ், அதாவது இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவில் உள்ள அகலம், 1676 மில்லி. அதை 87-ஆல் வகுத்தால் 19 மில்லிக்கு மேல் வரும். கடையில் கிடைக்கும் ஹெச்.ஓ தண்டவாளம் 16.5 மில்லிதான், அது வெளிநாட்டு 1435 மில்லி கேஜின் கணக்கு. கிட்டத்தட்ட மூன்று மில்லி இடிக்கிறது. சிலருக்கு இதனால் தூக்கம் வராது. எனக்கு வருகிறது. கட்டடத்தைச் சரியான அளவில் கட்டிவிட்டால் பார்க்கிறவர் கண் கூரைக்குத்தான் போகும்.

கட்டடம் இல்லாமல் அளவு எங்கே எடுப்பது? பழைய போட்டோ ஒன்றில் என் மச்சான் அந்தக் கதவு ஓரம் நிற்கிறார். ஐந்தரை அடி ஆள். போட்டோவில் அவர் உயரத்தை ஸ்கேலால் அளந்து, கதவையும் சுவரையும் அதோடு ஒப்பிட்டேன். ஆள் இல்லாத போட்டோ என்றால் செங்கல் வரிசையை எண்ணலாம். பழைய செங்கல் மூன்று அங்குல உயரம், சாந்தும் சேர்த்தால் மூன்றரைக்கு வரும். போட்டோ நேருக்கு நேராக எடுத்ததாக இருக்க வேண்டும். சாய்த்து எடுத்ததில் தூரத்து முனை சுருங்கிக் கிடக்கும். கட்டடம் இன்னும் நிற்கிறது என்றால் ரோட்டிலிருந்தே எடுங்கள். டேப்பைத் தூக்கிக்கொண்டு தண்டவாளத்துப் பக்கம் இறங்க வேண்டாம்.

இனி வெட்டு. என் முதல் ரூமைக் குப்பையில்தான் போட்டேன். துணி வெட்டும்போது தையலுக்கு என்று சுற்றிலும் கூட்டி விடுவோம். இருபது வருசப் பழக்கம், கை தன்னால் கூட்டிவிட்டது. அட்டையில் கூட்டக் கூடாது, கழிக்க வேண்டும். ரூம் 12 அடிக்கு 10 அடி என்று வையுங்கள். முன் சுவரும் பின் சுவரும் முழு 42 மில்லி. பக்கச் சுவர் இரண்டும் அவற்றுக்கு நடுவில் உட்காரும். ஒன்பது அங்குலச் சுவருக்கு 2.6 மில்லி வர வேண்டும். 1.2 மில்லி அட்டை இரண்டை ஒட்டினால் 2.4, அது போதும். அப்படியானால் பக்கச் சுவரை 35 மில்லிக்கு வெட்டாமல், இரண்டு முனைக்கும் 2.4 கழித்து 30.2 மில்லிக்கு வெட்டுங்கள். நான் கழிக்க மறந்ததில் ரூம் கிட்டத்தட்ட ஒன்றரை அடி நீண்ட மாதிரி நின்றது, கூரை உட்காரவே இல்லை.

துணிக்கு நூலோட்டம் இருக்கிற மாதிரி அட்டைக்கும் ஓட்டம் உண்டு. இரண்டு பக்கமும் லேசாக வளைத்துப் பாருங்கள், எப்படி வளைத்தால் சுலபமாக வளைகிறதோ, அந்த வளைவின் மடிப்புக் கோடு போகிற திசைதான் ஓட்டம். இரண்டு அட்டையையும் ஒரே ஓட்டத்தில் வைத்து, ஃபெவிகாலை மெல்லிசாகத் தடவி, மேலே இஸ்திரிப் பெட்டியைத் தூக்கி வைத்து ராத்திரி முழுக்க விடுங்கள். சூடு பண்ண வேண்டாம், கனத்துக்காகத்தான். உள் அட்டையில் ஜன்னல் ஓட்டையை ஒரு மில்லி பெரிதாக வெட்டினால் சட்டம் அதில் பதிந்து நிற்கும். பிளேடை ஒரே அழுத்தில் இறக்காதீர்கள். நாலைந்து தடவை மெதுவாக இழுத்தால்தான் மூலை பிசிறடிக்காது. பெயின்ட் அடிக்கும் முன் வார்னிஷை உள்ளும் புறமும் அடிக்க வேண்டும். வெளியே மட்டும் அடித்தால் சுவர் அப்பளமாக வளையும்.

ஜன்னலுக்குக் கண்ணாடி, சட்டைப் பெட்டியில் காலருக்கு வைக்கும் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக். ஜன்னல் கம்பிக்குச் சாம்பல் நிறத் தையல் நூல். நூலை மெழுகுவர்த்தியில் ஒரு இழுப்பு இழுத்தால் பஞ்சு அடங்கிவிடும். நாலு அங்குலத்துக்கு ஒரு கம்பி, அதாவது 1.2 மில்லி இடைவெளி. இறுக்கிக் கட்டி, பின்பக்கம் ஒரு சொட்டு ஃபெவிக்விக். கிட்ட வந்து பார்க்கிறவர்கள் முதலில் கேட்பது இந்தக் கம்பியைப் பற்றித்தான்.

கூரைக்குப் பொறுமை வேண்டும். சீமை ஓட்டில் மேல் ஓடு ஏறினது போக வெளியே தெரிவது சுமார் ஒரு அடி நீளம், எட்டு அங்குல அகலம். நமக்கு 3.5 மில்லிக்கு 2.3 மில்லி. ரூமுக்கு ஒரு சரிவில் எட்டு வரிசை, வரிசைக்கு இருபத்தொன்று, ஆக முந்நூற்றுச் சொச்சம் ஓடு. ஒவ்வொன்றாக வெட்ட உட்கார்ந்தால் தீபாவளி வந்துவிடும். கல்யாணப் பத்திரிகையின் உள்தாள் ஒன்றை எடுத்து, அடியில் மவுஸ் பேடு வைத்து, மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவால் 2.3 மில்லிக்கு ஒரு கோடு அழுத்திப் போடுங்கள். திருப்பினால் வரி வரியாக மேடு தெரியும். அதைக் குறுக்கே ஐந்து மில்லிப் பட்டைகளாக வெட்டி, இறவானத்தில் தொடங்கி முகட்டை நோக்கி, ஒன்றின் மேல் ஒன்றரை மில்லி ஏற்றி ஒட்டிக்கொண்டு போக வேண்டும். கீழிருந்துதான் மேலே. மேலிருந்து தொடங்கினால் மழை வீட்டுக்குள் வரும் கூரையாகிவிடும். நம் ஊரில் அதைக் கண்டுபிடிக்காத ஆளே கிடையாது. முகட்டு ஓட்டுக்கு, தாளை ஊதுபத்திக் குச்சியில் சுற்றிப் பாதியாக வெட்டுங்கள்.

ஓட்டுக்கு ஒரே சிவப்பு அடிக்காதீர்கள். செங்காவி அடித்துக் காய்ந்த பிறகு, அங்கங்கே நாலைந்து ஓட்டைக் கொஞ்சம் கறுப்பாக்கி, இரண்டை மட்டும் பளிச்சென்று விடுங்கள், போன மழையில் மாற்றின ஓடு மாதிரி. சுவரும் அப்படித்தான், வெள்ளையில் துளி மஞ்சள் காவி கலக்க வேண்டும். தரையிலிருந்து ஏழு மில்லி உயரத்துக்கு, நிஜத்தில் இரண்டடி, மழைத் தெறிப்பின் செம்மண் கறை இருக்கும். காய்ந்த மண்ணையே பிரஷ்ஷில் தொட்டுத் தேய்த்துவிட்டேன்.

அந்த மண் எங்கள் தோட்டத்து மண். நேராக அள்ளிக் கொட்டக் கூடாது. முதலில் இரும்புச் சட்டியில் வறுத்துப் பூச்சி முட்டையைக் கொல்ல வேண்டும். பிறகு துணிக் கழிவில் வலை மாதிரி இருக்கும் துணியைப் பார்த்து எடுத்துச் சலியுங்கள். அப்புறம் ஒரு காந்தத்தைக் காகிதத்தில் சுற்றி மண்ணுக்குள் நாலு தடவை விட்டு எடுங்கள். மீசை வைத்த மாதிரி கரும்பொடி ஒட்டி வரும். அது இஞ்சின் மோட்டாருக்குள் போனால் இஞ்சின் காலி. ஒட்டுவதற்கு ஒரு பங்கு ஃபெவிகாலுக்கு மூன்று பங்கு தண்ணீர், ஒரு சொட்டு ஷாம்பு. ஷாம்பு இல்லாவிட்டால் பசை மண்ணில் இறங்காமல் உருண்டு நிற்கும். பசை பட்ட மண் காய்ந்தாலும் ஒரு படி கறுத்தே இருக்கும். ஆகவே வெளிர் மண்ணாகத் தேர்ந்தெடுங்கள்.

ஜல்லிக்கு கிரஷர் டஸ்ட். ரயில் பாதை ஜல்லியில் பெரியது 65 மில்லி வரை இருக்கும், நம் அளவில் முக்கால் மில்லி. டீ வடிகட்டியில் விழுந்ததை மறுபடி நைஸ் துணியில் சலித்து, துணியில் நின்றதை எடுத்துக் கழுவுங்கள். ஒட்டிய பிறகு தண்டவாள ஓரம் துருப்பிடித்த காவி நிறத்தை லேசாகத் தெளிக்க வேண்டும். பிரேக் கட்டைத் தூசு அது. புது நீலக்கல் நிறம் லைன் ஓடாத இடத்தில்தான் இருக்கும்.

கொங்கு நாடு என்று தெரிய வேண்டுமானால் கொறங்காடு வேண்டும். காங்கேயம், மூலனூர் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். மேய்ச்சல் காடு, சுற்றிலும் கிளுவை வேலி, நடுவில் குடை பிடித்த மாதிரி வெள்வேல மரம், தரையெல்லாம் கொழுக்கட்டைப் புல். படத்தில் வரும் பச்சைப் புல்வெளியை இங்கே விரித்தால் ஊட்டி ஆகிவிடும். தேங்காய் நாரை நாலு மில்லிக்கு நறுக்கி, கொத்தாகப் பிடித்துப் பசையில் குத்தி நிற்க வைத்தால் காய்ந்த புல் அச்சு அசலாக வரும். சாயம்கூட வேண்டாம். நாரையே பிரித்து நெருக்கமாக நட்டுச் சாம்பல் பூசினால் கோடைக் கிளுவை. பழைய மெத்தை ஃபோமைத் தண்ணீரும் பச்சைப் பெயின்டும் விட்டு மிக்ஸியில் அடித்து, காய்ந்த பிறகு மேலே தூவினால் மழைக்குப் பிந்தைய கிளுவை. மிக்ஸி பழையதாக இருக்கட்டும், நான் சொல்ல வேண்டியதில்லை.

பனைக்கு ஊதுபத்திக் குச்சி. ஐம்பதடிப் பனை 175 மில்லி. குச்சி மேல் நூலை நெருக்கிச் சுற்றிப் பசையில் நனைத்தால் மட்டை விழுந்த வளையம் வளையமாக வரும். ஓலைக்குப் பன்னிரண்டு மில்லி வட்டங்களை வெட்டி, விசிறி மாதிரி கிழித்து மடியுங்கள். முப்பது ஓலையாவது ஒட்டினால்தான் பனை. பத்தோடு நிறுத்தினால் கட்சிச் சின்னம் வரைந்த மாதிரி இருக்கும்.

ரூமைத் தரை மேல் அப்படியே வைக்காமல், அரை மில்லி பள்ளம் வெட்டி இறக்கி, விளிம்பில் மண்ணை அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் அட்டைப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்த மாதிரியே தெரியும். வாசலில் குடம் வேண்டுமே! கொத்தமல்லி விதை மூன்று, மூன்றரை மில்லி, ஒரு அடிக் குடத்துக்குச் சரி. சொம்புக்குக் கடுகு. வார்னிஷில் முக்கி எடுக்காவிட்டால் வண்டு துளைத்துவிடும். "ஏனுங் மாமா, கடுகு டப்பா எங்கீங்?" என்று வீட்டில் கேட்டபோது நான் குடத்துக்குப் பித்தளைப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தேன்.

ரோடு தண்டவாளத்தைக் கடக்கும் இடத்தில் நடுவில் அடைக்கும் அட்டை தண்டவாளத்தை விட ஒரு இழை தாழ்ந்தே இருக்கட்டும். உட்பக்கம் சக்கரத்துக்கு ஒன்றரை மில்லி சந்து விடுங்கள். வண்டியைக் கையால் தள்ளிப் பார்த்துவிட்டு ஒட்டுங்கள், ஒட்டிவிட்டுத் தள்ள வேண்டாம்.

கேட்டுக்கு முன்னால் ஹாரன் அடிக்கச் சொல்லும் மஞ்சள் பலகையும் செய்து வைத்திருக்கிறேன், டபிள்யூ/எல் எழுத்தோடு. நிஜத்தில் அது கேட்டிலிருந்து 600 மீட்டர் தள்ளி நிற்கும். 87-ஆல் வகுத்தால் ஏழு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. என் மேஜை எட்டடி. கணக்குப்படி பலகை சுவரைத் தாண்டிப் பங்காளி வீட்டு மாட்டுச்சாளையில்தான் நிற்க வேண்டும். அதனால் இன்னும் பட்டன் டப்பாவுக்குள்ளேயே கிடக்கிறது.