கல்லூரியில் காப்புரிமைப் பொறுப்பு உங்களிடம் வந்துவிட்டதா? ஆய்வகத்திலிருந்து ஆலை வரை, படிப்படியாக

சென்னையைச் சுற்றியுள்ள பொறியியல் கல்லூரிகள் பலவற்றில் ஆண்டுத் தொடக்கத்தில் வேலைப் பங்கீட்டுத் தாள் ஒட்டுவார்கள். உதவிப் பேராசிரியர் யாராவது ஒருவரின் பெயருக்கு நேரே 'ஐபிஆர் செல் (அறிவுசார் சொத்துரிமைப் பிரிவு), தொழில்துறைத் தொடர்பு' என்று இருக்கும். என் பெயருக்கு நேரே அது வந்தபோது எனக்குக் காப்புரிமை (பேட்டன்ட்) சட்டத்தில் ஒரு பிரிவுகூடத் தெரியாது. அப்படித் தொடங்குபவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

படி 1: கட்டுரை வெளியாகும் முன் உங்களிடம் வரச் சொல்லுங்கள்

மற்ற எல்லாப் படிகளையும்விட இது முக்கியம். கண்டுபிடிப்பு ஒருமுறை பொதுவெளிக்கு வந்துவிட்டால், 'புதுமை' என்ற தகுதியை இழந்துவிடும். ஆய்விதழ்க் கட்டுரை மட்டும் இதில் அடங்கும் என்று பலர் நினைக்கிறார்கள். மாநாட்டுச் சுவரொட்டி, திட்டக் கண்காட்சி, யூடியூப் காணொளி, சோத்கங்கா என்ற இணையக் களஞ்சியத்தில் ஏறும் முனைவர் பட்ட ஆய்வேடு எல்லாமே வெளியீடுதான். அரசு அறிவித்த கண்காட்சி, கற்றறிந்தோர் சங்கத்தில் படித்த கட்டுரை போன்ற சிலவற்றுக்கு மட்டும் 31ஆம் பிரிவு 12 மாத அவகாசம் தருகிறது. அதை நம்பித் திட்டமிடாதீர்கள்.

நான் பொறுப்பேற்ற முதல் ஆண்டில் எம்.இ. மாணவி ஒருவர் அருமையான ஒரு சென்சார் செய்திருந்தார். என்னிடம் வந்தபோது அதன் சுற்று வரைபடம் வரைக்கும் தெளிவாகத் தெரியும் புகைப்படம் கல்லூரியின் முகநூல் பக்கத்தில் ஏறி இரண்டு மாதம் ஆகியிருந்தது. பாராட்டி ஏற்றியதுதான், யார் மேலும் தப்பில்லை. ஆனாலும் அந்தப் பெண்ணின் முகம் இன்னும் கண்ணில் நிற்கிறது.

அதற்குப் பிறகு ஒரு பக்கப் படிவம் ஒன்று தயாரித்தேன். என்ன செய்தீர்கள், எது புதிது, யார் யார் செய்தீர்கள், எந்த நிதி, எங்காவது காட்டியிருக்கிறீர்களா: ஐந்தே கேள்விகள். ஒவ்வொரு துறையின் ஆய்வுக் குழுக் கூட்டத்திலும் போய்க் கொடுங்கள். மின்னஞ்சலில் அனுப்பினால் யாரும் திறந்து பார்ப்பதில்லை.

படி 2: கண்டுபிடித்தவர் யார், உரிமையாளர் யார்

கட்டுரையில் பெயர் போடுவதும் காப்புரிமையில் பெயர் போடுவதும் ஒன்றல்ல. கண்டுபிடிப்பின் கருவுக்குப் பங்களித்தவர்தான் கண்டுபிடிப்பாளர். கருவி கொடுத்து உதவியவர், துறைத்தலைவர் என்பதற்காக மட்டும் சேர்க்கப்படுபவர் எல்லாம் அதில் வரக்கூடாது. உழைத்த மாணவரை விட்டுவிடவும் கூடாது. இதை மரியாதையாக, ஆனால் தொடக்கத்திலேயே பேசிவிடுங்கள். நிறுவனத்தோடு ஒப்பந்தம் போடும் நேரத்தில் இந்தத் தகராறு கிளம்பினால் எதிரில் இருப்பவர் எழுந்து போய்விடுவார். நிதி தந்த அமைப்பின் நிபந்தனைகளையும் உங்கள் கல்லூரியின் கொள்கையையும் அப்போதே படித்துவிடுங்கள்.

படி 3: ஏற்கெனவே யாராவது செய்திருக்கிறார்களா என்று தேடிப் பாருங்கள்

கூகுள் பேட்டன்ட்ஸ், எஸ்பேஸ்நெட், இந்தியக் காப்புரிமை அலுவலகத்தின் தேடுதளம் மூன்றும் இலவசம். ஆய்வாளரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் தேடினால் போதும். சட்டத்தின் 3ஆம் பிரிவையும் ஒருமுறை படியுங்கள். வெறும் கணினி நிரலுக்கும், பாரம்பரிய அறிவாக ஏற்கெனவே இருப்பதற்கும் காப்புரிமை கிடையாது. மஞ்சள் புண் ஆற்றும் என்று அமெரிக்காவில் 1995இல் தரப்பட்ட காப்புரிமையை, நம் நாட்டின் அறிவியல் ஆய்வு மன்றமான சிஎஸ்ஐஆர் பழைய நூல்களை ஆதாரமாக வைத்தே 1997இல் ரத்து செய்ய வைத்தது. வேப்பிலை, கடற்பாசி போன்ற உயிரியல் வளம் ஆய்வில் இருந்தால் தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் நடைமுறையும் உண்டு. அதன் தலைமையகம் இங்கே தரமணியில்தான் இருக்கிறது.

படி 4: தற்காலிக விண்ணப்பம்

தென்மாநிலங்களுக்கான காப்புரிமை அலுவலகம் கிண்டியில் இருக்கிறது, ஆனால் நேரில் போகத் தேவையில்லை, இணையத்திலேயே தாக்கல் செய்யலாம். கல்வி நிறுவனங்களுக்கு 2021 முதல் கட்டணச் சலுகை உண்டு. தாக்கலுக்கு 1,600 ரூபாய்தான். கண்டுபிடிப்பை விளக்கும் தற்காலிக விவரக்குறிப்பைக் கொடுத்துவிட்டால் முன்னுரிமைத் தேதி கிடைத்துவிடும், அதாவது யார் முதலில் என்பதை முடிவு செய்யும் தேதி. முழு விவரக்குறிப்பைக் கொடுக்க 12 மாதம் இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். விண்ணப்பம் காப்புரிமை அலுவலகத்தின் இதழில் வெளியானதும் 'காப்புரிமை பெற்றார்' என்று பேனர் வைக்கிறார்கள். வெளியாவது வேறு, வழங்கப்படுவது வேறு. படிவம் 18 கொடுத்துப் பரிசோதனை கேட்காவிட்டால் விண்ணப்பம் அப்படியே செத்துப்போகும். 2024 விதித்திருத்தத்துக்குப் பிறகு அதற்கான கெடு முன்னுரிமைத் தேதியிலிருந்து 31 மாதம். புதியவர்கள் இந்தத் தேதியைச் சுவரில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

படி 5: அந்த 12 மாதத்துக்குள் ஆலைக்குப் போங்கள்

என் அனுபவத்தில் காப்புரிமையின் மதிப்பு இங்கேதான் தீர்மானமாகிறது.

வேதியியல் பேராசிரியர் ஒருவர், கழிவுநீரிலிருந்து குரோமியத்தை உறிஞ்சி எடுக்கும் பொருள் ஒன்றைச் செய்திருந்தார். ஆய்வகத்தில் முடிவுகள் பிரமாதமாக இருந்தன. தற்காலிக விண்ணப்பம் போட்ட மறு மாதம், பல்லாவரம் பக்கம் ஒரு தோல் பதனிடும் ஆலைக்கு அவரையும் அழைத்துப் போனேன். பையிலிருந்து அவர் மாதிரிக் குப்பியை எடுத்து மேசை மேல் வைத்தார். நல்ல மஞ்சள் நிறத் தண்ணீர். ஆலை மேற்பார்வையாளர் அதையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "சார், எங்க தண்ணி இந்தக் கலர்ல வராதே."

வெளியே தொட்டிக்குக் கூட்டிப் போய்க் காட்டினார். நீலமும் பச்சையும் கலந்த தண்ணீர், மேலே கொழுப்புப் படலம், அங்கங்கே தோல் துணுக்கு. பேராசிரியருக்கு உடனே புரிந்துவிட்டது. ஆய்வகத்தில் அவர் பயன்படுத்தியது டைகுரோமேட், அதில் இருப்பது ஆறு இணைதிறன் குரோமியம். தோல் பதனிடுவதோ குரோமியம் சல்ஃபேட்டில், அது மூன்று இணைதிறன் கொண்டது. இரண்டும் தண்ணீரில் நடந்துகொள்ளும் விதமே வேறு. போதாததற்கு, ஆலைத் தண்ணீரில் உப்பும் புரதமும் வேறு நிறைந்து கிடக்கின்றன.

மேற்பார்வையாளர் தானாகவே இன்னும் கொஞ்சம் சொன்னார். மெக்னீசியம் ஆக்சைடு போட்டுக் குரோமியத்தைப் படியவைத்துத் திரும்ப எடுக்கும் முறை அவர்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. அதற்குப் பிறகும் தங்கும் மிச்சம்தான் அவர்களுக்குத் தலைவலி. ஐந்து லிட்டர் கேனில் ஆலைத் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு திரும்பினோம். முதல் சோதனையில் பொருள் பாதி வேலைகூடச் செய்யவில்லை. பேராசிரியரும் மாணவரும் ஆறு மாதம் உட்கார்ந்து அதை மாற்றினார்கள். மாற்றத்துக்காக இன்னொரு தற்காலிக விண்ணப்பம் போட்டு, முதல் தேதியிலிருந்து 12 மாதத்துக்குள் இரண்டையும் சேர்த்து ஒரே முழு விவரக்குறிப்பாகக் கொடுத்தோம். தொடர்புள்ள கண்டுபிடிப்புகளுக்குச் சட்டம் இதற்கு இடம் தருகிறது.

எனவே ஆலைக்குப் போகும்போது 'வாங்கிக்கொள்வீர்களா' என்று கேட்காதீர்கள். இப்போது இதை எப்படிச் சமாளிக்கிறீர்கள், நாளைக்கு எவ்வளவு லிட்டர், அதற்கு என்ன செலவு, எந்த இடத்தில் அடிக்கடி நிற்கிறது என்று கேளுங்கள். முதலாளியைப் பார்த்ததோடு திரும்பாமல், தொட்டிப் பக்கம் நிற்பவரிடம் அரை மணி நேரம் பேசுங்கள். அம்பத்தூர், கிண்டி, திருமுடிவாக்கம், ஒரகடம் என்று நம்மைச் சுற்றி இத்தனை தொழிற்பேட்டைகள் இருக்கும் ஊர் இது. பேருந்தில் போய்ப் பார்க்கக்கூடிய தூரம்தான். தொழிற்பேட்டைச் சங்கங்கள் மூலம் போனால் வாசல் சீக்கிரம் திறக்கும்.

கையில் ஒரு பக்கக் குறிப்பு போதும். பொருள் என்ன செய்கிறது என்று சொல்லுங்கள், எப்படிச் செய்கிறது என்பதை எழுதாதீர்கள். அதற்கு மேல் பேச்சு போனால் முதலில் இரகசியக் காப்பு ஒப்பந்தம்.

படி 6: எந்த வகை உறவு

ஆலோசனைப் பணி, நிறுவனம் பணம் தரும் ஆய்வு, கண்டுபிடிப்பைப் பயன்படுத்த நிறுவனத்துக்குத் தரும் உரிமம், ஆய்வாளரே தொடங்கும் ஸ்டார்ட்அப் என்று நான்கு வழி உண்டு. அறிமுகமில்லாத இருவருக்கு முதலில் சிறிய ஆலோசனைப் பணிதான் பொருந்தும் என்பது என் கருத்து. இரண்டு மூன்று மாத வேலையில் ஒருவரையொருவர் தெரிந்துகொள்வார்கள்.

ஸ்டார்ட்அப் என்றால் ஆரம்ப நிதிக்கு வழி இருக்கிறது. உயிரித்தொழில்நுட்பம் சார்ந்த யோசனைகளுக்கு மத்திய அரசின் பைராக் அமைப்பு நடத்தும் 'பிக்' திட்டம் 50 லட்சம் ரூபாய் வரை தருகிறது. மாநில அளவில் தமிழக அரசின் ஸ்டார்ட்அப்டிஎன் அமைப்பு இருக்கிறது. தரமணியில் ஐஐடி மெட்ராஸ் ஆய்வுப் பூங்காவை ஒருமுறை மாணவர்களோடு போய்ப் பாருங்கள். நிறுவனங்களும் ஆய்வாளர்களும் ஒரே வளாகத்தில் இருந்தால் என்ன நடக்கும் என்று நேரில் தெரியும்.

படி 7: உரிம ஒப்பந்தம்

எழுத்தில் இல்லாத உரிமம் செல்லாது, 68ஆம் பிரிவு அதைத் தெளிவாகச் சொல்கிறது. முன்பணம், ராயல்டி இரண்டையும் பற்றித்தான் எல்லோரும் பேசுவார்கள். நீங்கள் பார்க்க வேண்டியது தனியுரிமை, அதாவது அந்த ஒரு நிறுவனத்துக்கு மட்டுமே உரிமம் என்பது. முழுத் தனியுரிமை கேட்டால் ஒரு துறைக்கு, ஒரு பகுதிக்கு என்று வரம்பு வையுங்கள். இத்தனை ஆண்டுக்குள் உற்பத்தி தொடங்காவிட்டால் உரிமம் திரும்பி வந்துவிடும் என்று ஒரு வரி கட்டாயம் வேண்டும். வாங்கி அலமாரியில் வைத்துவிட்டால் ஆய்வாளரின் பத்து வருட உழைப்பு அங்கேயே முடங்கிவிடும். மாணவர் ஆய்வேடு சமர்ப்பிக்கும் உரிமையையும் தனியாக எழுதிவிடுங்கள்.

எங்கள் குரோமியம் பொருளுக்கு முதலில் போட்டது உரிம ஒப்பந்தம் அல்ல, மூன்று மாத முன்னோட்டச் சோதனைக்கான ஒப்பந்தம். அதில் நீங்களும் சேர்த்துக்கொள்ள வேண்டிய ஒரு வரி இருக்கிறது: ஞாயிற்றுக்கிழமை பம்ப் நின்றால் ஆலையிலிருந்து யாரை அழைப்பது, அவர் வராவிட்டால் அடுத்து யார். பேராசிரியர் பெயரையும் மாணவர் பெயரையும் கைப்பேசி எண்ணோடு அதில் எழுதினோம். இரண்டாவது ஞாயிறே அழைப்பு வந்தது.